அண்ணனைக் காப்பாற்றிய ஹெல்மெட்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு ஹெல்மெட் உட்கார்ந்திருக்கிறது. முகம் முழுக்க மூடுகிற வகை. கருநீல நிறம். இடது பக்கம் தார்ச்சாலை உரசி வெளுத்துப்போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தடத்தின் மேல் அம்மா சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் அம்மா சொல்லாமல் விடமாட்டாள்.

"எம் பையன் உசிரக் காப்பாத்தின சாமி."

அண்ணனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அல்சூர் வீட்டிலிருந்து பைக்கில்தான் போவான், வருவான். ஒருநாள் காலை சில்க் போர்டு தாண்டியதும் முன்னால் போன டெம்போ காரணமில்லாமல் பிரேக் போட்டது. அண்ணன் வண்டியோடு சறுக்கிப் போய் நடுச்சுவரில் தலையை மோதிக்கொண்டான். காறை எலும்பு முறிந்தது. தலைக்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் ஒரு கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் ஹெல்மெட்டைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தான். அம்மா அவனை ஒரு தடவை கட்டிக்கொண்டாள். அப்புறம் ஹெல்மெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். குழந்தையைத் தடவுவது போல அந்த உரசலைத் தடவினாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றாள். அன்று அந்தப் பழமொழியை வீட்டில் எல்லோரும் சொன்னோம். பக்கத்து வீட்டார் வந்து சொன்னார்கள். ஊரிலிருந்து போன் செய்தவர்களும் சொன்னார்கள். போன தலைப்பாகையை எடுத்து இன்னொரு தலையில் வைக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

எலும்பு கூடியதும், அண்ணனுக்குப் புது ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே, வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்பியது. கல்யாணப் புடவை எடுக்கப் போகிற மாதிரிதான். அப்பா இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். மாநில அரசாங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அம்மா கையில் அந்தப் பழைய ஹெல்மெட், மஞ்சள் துணியில் சுற்றியபடி. அளவுக்கு வேண்டுமாம்.

கடைக்காரர் அதை வாங்கி உள்ளே விரலை விட்டு அழுத்திப் பார்த்தார். "இத இனிமே போடாதீங்க சார். ஒரு தடவை அடி வாங்கினா உள்ள தெர்மோகோல் நசுங்கிடும். வெளிய பாத்தா தெரியாது. அடுத்த தடவை தாங்காது," என்று அண்ணனிடம் சொன்னார். நாங்கள் நான்கு பேரும் கேட்டோம். அண்ணன் தலையாட்டினான். அம்மா ஹெல்மெட்டைத் திரும்ப வாங்கி மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், கூடவே வயிறும் எரியும். அண்ணன் ஒவ்வொரு ஹெல்மெட்டாகப் போட்டுக்கொண்டு நின்றான். கடைக்காரர் வாரைக் கட்டிவிட்டு, பின்பக்கம் கையை வைத்து முன்னால் தள்ளிப் பார்த்தார். கழன்று வந்தால் அது பெரிய சைஸ், வேண்டாம் என்றார். அம்மாவும் தள்ளிப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் அப்பாவையும் தள்ளச் சொன்னாள். அண்ணன் தலை தஞ்சாவூர் பொம்மை போல ஆடியது. ஜாக்கெட்டுகளின் தோளிலும் முழங்கையிலும் வைத்திருந்த கவசங்களைக் கத்தரிக்காய் பார்ப்பது போலக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கடையில் இருந்தவை பாதிக்கு மேல் கறுப்பு. "அடிபட்டு வந்த பையனுக்குக் கறுப்பா?" என்று ஒதுக்கிவிட்டு, மஞ்சள் பட்டை போட்ட சாம்பல் நிற ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தாள். கையுறை, முட்டிக்கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ், எல்லாம் அன்றே வாங்கியாயிற்று. நான் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பழைய ஹெல்மெட் அன்று மாலையே பூஜை அலமாரிக்குப் போனது. அதுவரை எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. சாமியாக இருக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லையே.

அடுத்த வருஷம் நான் பைக் வாங்கினேன். ஸ்கூட்டி இல்லை, பைக். என் ஆபீஸ் ஒயிட்ஃபீல்டில். அல்சூரில் மெட்ரோ ஏறினால் ஒயிட்ஃபீல்டில் இறங்கலாம் என்று அம்மா அட்டவணையே ஒப்பிப்பாள். இறங்கிய பிறகு கம்பெனி ஷட்டிலில் உட்கார்ந்து சிக்னல் சிக்னலாகத் தவம் கிடப்பது யார்? ஆனால் அதெல்லாம் சாக்கு. எனக்கு பைக் ஓட்ட ஆசை, காலேஜ் நாளிலிருந்து. அண்ணன் வண்டியைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, ஓட்டச் சாவி கிடைத்ததில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அம்மா எலுமிச்சம்பழம் வைத்தாள், கற்பூரம் காட்டினாள். எதிர்பார்த்ததை விட அமைதியாகத்தான் இருந்தாள். "இந்த ஞாயித்துக்கிழமை ஜே.சி. ரோட் போலாமாம்மா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைப் பல நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். குடும்பமே வரும், அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், அம்மா என் தலையைத் தள்ளிப் பார்ப்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பைக்கை விட அதைத்தான் அதிகம் எதிர்பார்த்தேன்.

அம்மா உள்ளே போனாள். வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தோடு வந்தாள். தட்டின் நடுவில் அந்தக் கருநீல ஹெல்மெட்.

"கடைக்கெல்லாம் எதுக்கு? இத விட ராசியானது எங்க கெடைக்கும்? எடுத்துக்கோ."

கண் கலங்கியிருந்தாள். அதுதான் கொடுமை. கஞ்சத்தனத்தில் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அம்மா தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியான பொருளைத் தூக்கிக் கொடுத்தாள். அதற்குள் ஒன்றுமே மிச்சமில்லை என்பதுதான் விஷயம்.

"அம்மா, அது வெடிச்ச பட்டாசு. மறுபடி வெடிக்காது. அன்னிக்குக் கடையில சொன்னாரே."

"நல்ல நாளும் அதுவுமா வெடிக்கிறது கிடிக்கிறதுன்னு பேசாத. அவங்களுக்கு புதுசு விக்கணும், சொல்லுவாங்க."

"அப்ப அண்ணனுக்கு ஏன் புதுசு வாங்கினீங்க?"

"அவன் விழுந்து எழுந்தவன்டி. அதையே போட்டா அந்த ஞாபகம் வராதா?"

ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினேன். வாரைக் கட்டினேன். கடைக்காரர் செய்தது போலவே பின்பக்கம் கையை வைத்து நானே தள்ளினேன். ஹெல்மெட் வழுக்கிக்கொண்டு வந்து மூக்கில் நின்றது. கண் தெரியவில்லை. இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"உள்ள ஒரு துண்டு மடிச்சு வச்சுக்கோ. சரியாப்போயிடும்."

அண்ணன் சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் அந்த வார்த்தைகள் சொல்லப்பட்டது அவனிடம்தான். அவனைப் பார்த்தேன். அவன் தலையைத் தூக்கி, "அம்மா ஆசையா தர்றாங்கல்ல. போட்டுக்கயேன்," என்றான். அப்பா பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார்.

பெற்ற மனம் பித்து என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பித்து பையன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருந்தது. மீன் வறுவலில் நடுத்துண்டு, இங்கிலீஷ் மீடியம், ஜன்னல் உள்ள அறை, எல்லாவற்றிலும் பார்த்துப் பழகியவள்தான் நான். ஆனால் இது தலை. இதில் மிச்சம் மீதி வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியாக ஜே.சி. ரோடு போனேன். அதே கடைக்குப் போகப் பிடிக்காமல் நாலு கடை தள்ளி நுழைந்தேன். கவுண்டரில் இருந்தவர், "ஹிந்தெ கூத்கொள்ளோக்கா மேடம்?" என்றார். பின்னால் உட்கார்வதற்கா என்று கன்னடத்தில் கேட்கிறார். பெண் தலை என்றால் பின் சீட்டுத் தலை. "ஓடிஸோக்கெ," என்றேன், ஓட்டுவதற்கு. அவர் சிரித்துவிட்டு, பட்டாம்பூச்சி ஒட்டிய ரோஸ் நிற ஹெல்மெட்டை எடுத்து வைத்தார். போலீஸ்காரர் பிடிக்காமல் இருக்க அது போதும். ரோடு என் தலையைப் பிடித்தால் போதாது.

நானே தேடினேன். கன்னத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும், நெற்றியில் வலிக்கக் கூடாது. மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தேன். தள்ளிப் பார்க்க ஆள் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று என் தலையை நானே தள்ளினேன், பக்கவாட்டில் திருப்பினேன். பார்த்தவர்களுக்குப் பேய் பிடித்தவள் மாதிரி இருந்திருக்கும். பெண்களுக்கென்று தைத்த ஜாக்கெட்டுகள் இடுப்பை அழகாகக் காட்டின. முழங்கையில் நிற்க வேண்டிய கவசம் மட்டும் முன்கைக்கு இறங்கிவிட்டது. விழும்போது இடுப்பையா ஊன்றப் போகிறேன்? ஆண்களுக்கான சின்ன சைஸில் ஒன்று பொருந்தியது, கறுப்பு நிறம். வேண்டுமென்றேதான் எடுத்தேன். உள்ளங்கையில் கெட்டித் தோல் வைத்த கையுறையும் வாங்கினேன், விழுகிறவள் முதலில் கையைத்தானே நீட்டுவாள். ஹெல்மெட் வெள்ளை. பைகளை நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா கறுப்பு ஜாக்கெட்டையும் வெள்ளை ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "கறுப்பு. வெள்ளை. நல்லா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அப்பா ஒரு சமாதானத் திட்டத்தோடு வந்தார். "நீ உன்னோடத போட்டுக்கம்மா. இது பின்னால தொங்கட்டும். அவளுக்கும் ஒரு திருப்தி." ராசி ஹெல்மெட்டைப் பின் சீட்டுப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினார். அம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, தொங்கட்டும் என்று கிளம்பினேன்.

இந்த ஊரில் பின்னால் உட்கார்கிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதனால் தொங்குகிற ஹெல்மெட் என்றால் காலி சீட் என்று அர்த்தம். டின் ஃபேக்டரி சிக்னலில் நின்றால் யாராவது வந்து ஹெல்மெட்டைத் தொடாத குறையாக, "மேடம், மாரத்தஹள்ளி வரைக்கும்?" என்பார்கள். ஒருவர் கொக்கியிலிருந்து கழற்றித் தலையில் மாட்டியே விட்டார். அண்ணனின் சாமியை அந்நியர் தலையிலிருந்து பிடுங்கி மறுபடி கொக்கியில் மாட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நாளில் அலுத்துப்போய், அதை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். அம்மா பார்த்தாள்.

ஆயுத பூஜை வந்தது. அப்பாவின் ஸ்கூட்டர், அண்ணன் பைக், என் பைக், மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம். அண்ணனுடைய புது ஹெல்மெட்டுக்கும் சந்தனம். அலமாரியில் இருந்த பழையதற்குச் சின்ன மாலையே போட்டிருந்தாள். என் வெள்ளை ஹெல்மெட்டை நானே கொண்டுவந்து வரிசையில் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு வந்த அம்மா அதைத் தாண்டிப் போனாள். மறந்துவிட்டாளோ என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மறக்கவில்லை.

பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள். காலையில் லேசாகத் தூறியிருந்தது. ஒயிட்ஃபீல்டில் ஆபீஸுக்குத் திரும்புகிற முனையில் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். குங்குமம் கலந்த சதை ரோட்டில் பரவிக் கிடந்தது. ஊரார் கண் படக்கூடாது என்று உடைத்தது, என் முன் சக்கரத்தில் பட்டது. வண்டி என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போயிற்று. கையை நீட்டினேன். இடது பக்கமாக விழுந்து, நடைபாதைக் கல்லில் தலை மோதியது. காதுக்குள் பெரிய சத்தம். அப்புறம் நிசப்தம்.

கண்ணைத் திறந்தபோது வானம் தெரிந்தது. யாரோ தண்ணீர் பாட்டிலோடு குனிந்தார்கள். என் பெயர், நாள், கிழமை எல்லாம் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மணிக்கட்டு மட்டும் தப்பான திசையில் திரும்பியிருந்தது. ஜாக்கெட்டின் முழங்கை கிழிந்து கவசம் வெளியே தெரிந்தது. கையுறையின் தோல் தேய்ந்திருந்தது, உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தேன். இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். அண்ணனுடையதில் இருந்த அதே இடம், ஏறக்குறைய அதே அளவு. நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு அதைத் தடவினேன். அம்மா அன்று ஏன் அழுதாள் என்று புரிந்தது. எனக்கும் அழுகை வந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ஒரு கை தூளியில், இன்னொரு கையில் ஹெல்மெட். அம்மா ஓடிவந்தாள், கட்டிக்கொண்டாள், அழுதாள். பொய்யான அழுகை இல்லை அது. நான் ஹெல்மெட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

பழமொழியை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. "சொன்னா கேட்டாத்தானே," என்றுதான் பேச்சு ஓடியது.

அண்ணன் ஆபீஸிலிருந்து வந்ததும் என் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே விரலை விட்டு அழுத்தினான். "இத இனிமே போடாத. உள்ள நசுங்கியிருக்கு. வேற வாங்கிக்கோ," என்றான், ரொம்ப அக்கறையாக.

"இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"அப்ப அம்மா தாம்பாளத்துல வச்சுக் குடுத்தப்ப ஏன் வாயத் தொறக்கல?"

அவன் ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்தான். "அம்மா மனசு கஷ்டப்படுமேன்னு," என்றான்.

அம்மா மனசும் என் தலையும் தராசில் நின்றபோது என் அண்ணன் எந்தத் தட்டில் கை வைத்தான் என்று எனக்கு அன்று தெரிந்தது. கெட்டவன் இல்லை. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன்தான் முதலில் விழுந்து அழுதிருப்பான். அந்த அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வலி மாத்திரையில் நன்றாகத் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் மேஜை மேல் ஹெல்மெட் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், பால்கனியில் பார்த்தேன். அலமாரியில் வைத்திருப்பாளோ என்று ஓர் ஆசை. நிஜமாகவே போய்ப் பார்த்தேன். பிள்ளையார் பக்கத்தில் கருநீலம் மட்டும் இருந்தது, ஆயுத பூஜை மாலை வாடிப்போய்.

"என் ஹெல்மெட் எங்கம்மா?"

அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். "காலைல குப்பை வண்டி வந்துச்சு. போட்டுட்டேன். அடிபட்ட பொருள் வீட்டுல இருக்கக் கூடாது."

அவள் செய்தது சரிதான். அடிபட்ட ஹெல்மெட்டுக்குச் செய்ய வேண்டியது அதைத்தான். ஜே.சி. ரோட்டில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். நான் அலமாரியைக் காட்டினேன்.

"அதுவும் அடிபட்டதுதானேம்மா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். இவ்வளவு படித்தும் இது புரியவில்லையே என்கிற பரிதாபம் அவள் முகத்தில் இருந்தது. கோபமே இல்லை.

"அவன் அதனால பொழச்சான். நீ இதனால விழுந்த."

விளக்கை ஏற்றினாள். அண்ணன் ஹெல்மெட்டின் தடத்திலிருந்து குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். சொல்ல எனக்கு நிறைய இருந்தது. குனிந்து நெற்றியைக் காட்டினேன். சின்னக் கீறல்கூட இல்லாத நெற்றி.